ஆணியில் ஏறிய செம்பு

பாகூர்
9 ஜூலை 2023

அக்காவுக்கு புகழ் எழுதறது.

நல்லா இருக்கியா? மடத்துல சோறு ஒழுங்கா போடறாங்களா? அம்மா நல்லா இருக்கு, முட்டி வலி மட்டும் அப்படியே. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. உனக்கு முன்னாடி இந்த லெட்டர பிரிச்சுப் படிக்கிற மதருக்கும் ஒரு வணக்கம். மதர், என் கையெழுத்து புரியலன்னா அக்காவையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

விஷயத்துக்கு வரேன். காலேஜ விட்டுட்டேன். ஜியாலஜி ரெண்டு வருஷம் போதும். அம்மா அழுதுச்சு. நீ அழாத, அங்க அழறதுக்குக்கூட மணி அடிப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஏன்னு கேப்ப. மே மாசம் பீல்டுக்கு கூட்டிட்டுப் போனாங்க. கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு மலையடிவாரம். எந்தக் காலத்துலயோ செம்பு தோண்டிட்டு அப்படியே விட்ட பள்ளம். வெயில் மண்டையப் பொளக்குது. எல்லாரும் நெழல் பாத்து உக்காந்துட்டானுங்க. நான் மட்டும் பள்ளத்து ஓரமா சுத்தினேன். துருப்புடிச்ச தகரம் மாதிரி செவந்த பாறை. அதுல ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள்ள பச்ச. பாசின்னுதான் நினைச்சேன். நகத்தால சுரண்டுனா வரல. சுத்தியால தட்டுனேன், கை அளவுக்கு ஒரு துண்டு கழண்டு வந்துச்சு. உள்ள வளையம் வளையமா கரும்பச்ச, வெளுத்த பச்ச. சைசுக்கு மேல கனம்.

சார் சொல்லிக் குடுத்த அஞ்சு டெஸ்டையும் அங்கயே பண்ணேன். டைல்ஸ் பின்பக்கத்துல தேய்ச்சா வெளுத்த பச்சக் கோடு. கத்தியில கீறுனா கீறல் விழுது. நாக்குல வச்சா ஒட்டல, ஒட்டுனா அது வேற கல்லு. ஆசிட் ஒரு சொட்டு விட்டா சோடா மாதிரி பொங்குது. அதே ஆசிட்ல கல்லப் பொடி பண்ணிப் போட்டு, தேய்ச்ச ஆணிய முக்குனா ஆணி செவந்து போச்சு. செம்பு ஏறிடுச்சு. மாலகைட் அக்கா அது! செம்புக் கல்லு. பாத்து கத்திட்டேன்.

எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டணும். எந்த எடம், எந்தப் பாறை, எடுத்தவன் யாரு. நான் டீ குடிக்கப் போன கேப்ல ராஜேஷ் அவன் பேர எழுதி ஒட்டிட்டான். யாரு, நாம குடியிருக்கிற நெலத்துக்காரர் உலகநாதனோட சின்ன மவன்தான். ரெண்டு வருஷமா அவன் ரெக்கார்டு நோட்டு முழுக்க நான் எழுதிக் குடுத்தது. "அவங்க எடத்துல இருக்கோம், எழுதிக் குடுத்துடுடா"ன்னு அம்மாதான் சொல்லும். சார்கிட்ட போனேன். "சீட்டுல யார் பேரு இருக்கோ அவன் எடுத்தது"ன்னாரு. ராஜேஷ அங்கயே வச்சு ஒரு அறை விட்டேன். மன்னிப்பு லெட்டர் எழுதுன்னாங்க. எழுதல. இப்ப அந்தக் கல்லு காலேஜ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள, அவன் பேரோட.

போவட்டும். மறுபடி பைக்ல தனியா போய், அந்தப் பள்ளத்துலயே ஒரு அரிசிப் பை நெறைய பொறுக்கிட்டு வந்தேன். சீட்டெல்லாம் எழுதல, யாருக்குக் காட்டப் போறேன்? கட்டிலுக்கு அடியில கிடக்கு.

உடம்பப் பாத்துக்க.
புகழ்வேந்தன்


நவதுறவியர் இல்லம்
2 ஆகஸ்ட் 2023

இயேசுவின் அன்பில் தம்பி புகழுக்கு அக்கா லில்லி எழுதுவது.

நான் நலம். இங்கே மலையில் குளிர் தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்கு எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. அம்மாவின் முட்டிக்கு நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்துவிடு. நீ தேய்க்க வேண்டும், அவள் தானாகச் செய்துகொள்ள மாட்டாள்.

உன் கடிதத்தை மதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கையெழுத்து புரிந்ததாம்.

நீ படிப்பை விட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. வருகிற தை மாதம் உலகநாதன் ஐயா நம் வீடு இருக்கிற மனையை அம்மா பெயருக்கு எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடமாக இதையேதான் சொல்கிறார் என்பாய். இந்த முறை எழுதுவார். எனக்குத் தெரியும். தை வரைக்கும் அந்த வீட்டாரோடு எந்தத் தகராறும் வேண்டாம். ராஜேஷிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. ஒரு கல்தானே புகழ்.

இங்கே மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் எழுதுவதும் இல்லை, வருகிற கடிதத்தைக் கையில் தருவதும் இல்லை. அதனால் பதில் தாமதமானால் பயப்படாதே.

அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? ஊர்ச் செய்தி எதுவாக இருந்தாலும் எழுது.

செபத்தில் நினைக்கும்,
அக்கா


பாகூர்
3 செப்டம்பர் 2023

அக்கா, சவுக்கியமா? அம்மாவுக்கு எண்ணெய் தேய்ச்சு விடறேன். "உங்கக்கா தேய்ச்சா மாதிரி இல்ல"ன்னு திட்டுது.

ஊர்ச் செய்தி கேட்ட. பெரிய செய்தியே இருக்கு. உலகநாதன் வூட்டுப் பெரிய மவன் தணிகைவேல் அண்ணனுக்கு போன வாரம் கல்யாணம். பொண்ணு பண்ருட்டிப் பக்கம், பி.எட். படிச்சிருக்கு, நல்லா செவப்பா இருக்கு. மூணு நாள் ஊரே அங்கதான் சாப்பிட்டுச்சு. அம்மா பாத்திரம் தேய்ச்சுச்சு, நான் பந்தில நின்னேன். நீ சொன்னியேன்னுதான் போனேன், பாத்துக்க.

பேனர் பாத்திருக்கணும் நீ. மாப்பிள்ள பொண்ணு படம் சின்னதா ஒரு மூலையில. நடுவுல ராஜேஷ், கையில என் கல்லு. கீழ "செம்பு கண்ட சிங்கம்"னு போட்டிருக்கானுங்க. பந்தில அவன் மாமாகிட்ட என்னைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான்.

"மாமா, இவன் என் கூடப் படிச்சவன். அந்தக் கல்ல நான் எடுக்கும்போது இவன்தான் சுத்தி புடிச்சான்."

"அப்படியா தம்பி? இப்ப இன்னா பண்ற?"

"இப்ப ரசம் ஊத்தறேன். உங்களுக்கு ஊத்தட்டா?"

எல்லாரும் சிரிச்சானுங்க. ராஜேஷ் என் முதுகுல தட்டி, "நம்ம வூட்டு ஆளுதான்"னான். ரசம் கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு. உன் தைய நினைச்சு கைய அடக்கினேன்.

மாப்பிள்ளதான் மேடையில செத்த மீனாட்டம் நின்னாரு. கை கழுவற எடத்துல வந்து, "லில்லி எப்படிடா இருக்கா?"ன்னு கேட்டாரு. "அக்காவுக்கு இன்னாண்ணே, ஜாலியா இருக்கு, வெயிட்டு போட்டுருச்சு, ஊர் நெனப்பே இல்ல"ன்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுஷன், அந்த வூட்டுல போய் பொறந்துட்டாரு.

நீ புத்திசாலிக்கா. கல்யாணம், மாமியா, பாத்திரம்னு எந்தத் தொல்லையும் வேணாம்னு வெள்ளச் சேலையக் கட்டிட்டுப் போயிட்ட.

அம்மா கேட்டுச்சு, தலவலி வருதான்னு.
புகழ்


நவதுறவியர் இல்லம்
5 அக்டோபர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? எனக்கு நடுவில் ஒன்பது நாள் காய்ச்சல். இப்போது எழுந்து நடக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

செய்தி தெரிவித்ததற்கு நன்றி. மணமக்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

தைக்கு இன்னும் மூன்று மாதம். பொறுத்துக்கொள்.

அக்கா


பாகூர்
27 நவம்பர் 2023

அக்கா, உடம்பு தேவலையா? அம்மாகிட்ட சொல்லல. லெட்டர் அவ்வளவு சின்னதா எழுதினா அம்மாவே கண்டுபுடிச்சுடும், "மீதிய எலி தின்னுச்சா?"ன்னு கேக்குது.

நாளைக்கு உலகநாதன் நெலத்துல போர் போடறாங்க. நம்ம வூட்டுக்குப் பின்னாடி, முப்பதடி தள்ளி. போர் வண்டிக்காரங்க வேலை உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ராடும் எறங்க எறங்க மேல வர்ற மண்ண தனித்தனியா வரிசையா கொட்டி வப்பாங்க. முதல் ராடு மண்ணு, ரெண்டாவது ராடு மண்ணுன்னு. எந்த ஆழத்துல நல்ல மணல் இருக்குன்னு பாத்து அங்க பில்டர் பைப் எறக்கணும், அதுக்கு.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போவாங்க. அந்தக் கேப்ல, நான் சுத்தியால பொடிச்சு வச்சிருக்கிற பச்சக் கல்ல ரெண்டு, மூணு, நாலாவது குவியல்ல கலந்து வுடப் போறேன். ரெண்டு மூணு பெரிய துண்டும்.

செம்பு கண்ட சிங்கம் கண்டுபுடிக்கட்டும்.

நீ பதறாத. இது ஒரு நாள் கூத்து. பாகூர்ல எங்க தோண்டினாலும் களி, மணல், திரும்பக் களி. இந்தக் கல்லு கெட்டிப் பாறை வெடிப்புல உண்டாவறது. ரெண்டாம் வருஷப் புக்குல முதல் பாடம் இது. படிச்சவன் ஒரு நிமிஷத்துல சிரிச்சுட்டுப் போயிடுவான். ராஜேஷ் படிக்கல, அவனுக்கும் சேத்து நான்தான் படிச்சேன். ஊரக் கூட்டி அவன் ஆடும்போது நான் போய் உடைப்பேன். அவ்வளவுதான். மதர் படிச்சா படிக்கட்டும், அவங்களுக்கும் கொஞ்சம் பொழுது போவும்.

வெந்நி வச்சுக் குளி.
புகழ்


பாகூர்
14 டிசம்பர் 2023

அக்கா, நல்லா இருக்கியா? நீ பதில் போட மாட்டன்னு தெரியும், உங்க நோன்பு காலம். ஆனா சொல்லாம இருக்க முடியல. வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

நான் நினைச்ச மாதிரியே ராஜேஷ்தான் பாத்தான். ஓடிப் போய் பாத்ரூம் ஆசிட் கொண்டாந்தான், டம்ளர்ல ஊத்தினான், பொடியப் போட்டான். பொங்குச்சு. ஆணி தேடறான், ஆணி கிடைக்கல. காலண்டர் மாட்டி இருந்த ஆணியப் புடுங்கிட்டு வந்தான், முருகர் கீழ வுழுந்தாரு. ஆணி செவந்ததும் அவன் கத்துன கத்துல போர் வண்டிக்காரன் இன்ஜின ஆஃப் பண்ணிட்டான்.

"யப்பா! செம்பு! நம்ம நெலத்துல செம்புப்பா!"

பெரியவர் உலகநாதன் மெதுவா வந்தாரு. ஆணிய வாங்கி வேட்டியில தொடச்சுப் பாத்தாரு. செவப்பு போவல. "கத்தாதடா. வாய மூடு"ன்னாரு. போர் வண்டிக்காரங்களுக்கு அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிட்டாரு.

ராஜேஷ் கல்ல லேபுக்கு அனுப்பினான். ரிப்போர்ட் வந்துருச்சு, மாலகைட், சுத்தமான சரக்குன்னு. அடியில பொடி எழுத்துல "அனுப்பிய மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்"னு போட்டிருக்கு. ஒருத்தனும் அதப் படிக்கல. எங்க இருந்து வந்துச்சுன்னு கல்லுக்குத் தெரியாது, லேபுக்கும் தெரியாது.

இப்ப ஜே.சி.பி. வந்து நிக்குது. வெளிய யார் கேட்டாலும் மீன் குட்டை வெட்டறோம்னு சொல்றாங்க. செம்புன்னு தெரிஞ்சா கவர்மென்ட் புடுங்கிக்குமாம். கரும்ப முழுசா வளர விடாம வெட்டித் தள்ளிட்டாங்க. ராஜேஷ் பள்ளத்து மேட்டுல கூலிங் கிளாஸ் போட்டுகினு நிக்கிறான். நான் தெனம் வேலி ஓரம் நின்னு, "ராஜேஷு, நல்லா ஆழமா தோண்டுடா"ன்னு சொல்லிட்டு வரேன்.

அம்மாதான் கவலைப்படுது. பெரியவரு அதுகிட்ட, "பவுனு, பதிவு இப்ப வேணாம். குட்டை வேலை முடியட்டும், பாக்கலாம்"னாராம். நான்தான் சொன்னேனே, அவரு எழுத மாட்டாருன்னு.

கிறிஸ்மஸ் வாழ்த்து. மதருக்கும்.
புகழ்


நவதுறவியர் இல்லம்
25 டிசம்பர் 2023

புகழ்,

இன்று காலைப் பூசை முடிந்ததும் உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். முதல் கடிதம் நான்காம் தேதியே வந்து அலமாரியில் இருந்திருக்கிறது. இருபத்தொரு நாள். என் கையில் அன்றே கிடைத்திருந்தால்கூட உன்னைத் தடுத்திருக்க முடியாது என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே ஐயாவிடம் போ. நான்தான் செய்தேன், விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல். அடித்தால் வாங்கிக்கொள். தை பிறப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. காரணம் கேட்காதே.

இன்று எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.
லில்லி


பாகூர்
6 ஜனவரி 2024

அக்கா, நலந்தானே? அம்மா முட்டி பரவால்ல. புது வருஷம் வாழ்த்து.

உன் லெட்டர் படிச்சேன். இன்னாக்கா இது, ஆர்டர் போடற? வூடு வாசல் ஒண்ணும் வேணாம்னு சத்தியம் பண்ணப் போறவ நீ. ரெண்டு சென்ட் களிமண்ணுக்கு உனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு? அந்த வூட்டுக்காரங்க கிட்ட போய் கால்ல வுழுன்னு எந்த பைபிள்ல போட்டிருக்கு?

சொல்வேன். இப்ப இல்ல. பொங்கலுக்கு ராஜேஷ் மாமா, சித்தப்பா எல்லாரையும் வரச் சொல்லி இருக்கான் பள்ளத்தக் காட்டறதுக்கு. எல்லாரும் வந்து நிக்கட்டும். அப்ப சொல்றேன். அந்த ரசம் இன்னும் ஆறல எனக்கு.

பள்ளம் இருபதடி போயிருச்சு. களி, களி, இப்ப தண்ணி. "இன்னும் கீழ இருக்குப்பா"ன்றான் ராஜேஷ். பெரியவர் முகம் பாக்கணுமே!

புகழ்


நவதுறவியர் இல்லம்
11 ஜனவரி 2024

புகழ்,

இந்த மாதக் கடிதத்தை முன்கூட்டியே எழுத மதரிடம் கேட்டேன். சம்மதித்தார். இதில் எழுதப்போவது அவருக்குத் தெரியும், நான் வந்த அன்றே சொல்லிவிட்டேன். தெரியாதவன் நீ மட்டும்தான். நீ போய் யாரையாவது வெட்டிவிடுவாய் என்று பயந்து உன்னிடம் சொல்லக் கூடாது என அம்மா சத்தியம் வாங்கினாள்.

நானும் தணிகைவேலும் மூன்று வருடம் பழகினோம். கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பூசை முடிந்து வந்தபோது ஐயா நம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கத்தவில்லை. நம் வீட்டில் முதல்முறையாக டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "பாப்பா, உங்க ஆளுங்கள்ல பொண்ணுங்க மடத்துக்குப் போறது உண்டு இல்ல? நீ போயிடு. அவனுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும், அதுக்கு அடுத்த தையிலயே இந்த மனைய உங்கம்மா பேருக்கு எழுதிடறேன். போவலன்னா நாளைக்குக் காலையில வூட்டப் பிரிச்சுடுவேன். அவன ஒண்ணும் கேக்க மாட்டேன், அவன் என் புள்ள."

அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வரவில்லை. நான் சரி என்றேன்.

எனக்கு இறை அழைத்தல் எதுவும் வரவில்லை புகழ். மதரிடம் சொன்னபோது, ஆண்டவர் எந்த வழியாகவும் கூப்பிடுவார் என்றார். உலகநாதன் ஐயா வழியாகக் கூப்பிட்டிருக்கிறார் போல.

நீ களிமண் என்கிற அந்த இரண்டு சென்ட்டுக்கு நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் ஆகிவிட்டது. தை வந்துவிட்டது. எழுத வேண்டியது அவர் பாக்கி. அதற்கு நடுவில் உன் கல் நிற்கிறது. போய் எடு.

அக்கா


வில்லியனூர்
10 பிப்ரவரி 2024

அக்கா,

எப்படி இருக்கன்னு கேக்க வாய் வரல. நான் இப்ப வில்லியனூர்ல ஒரு டைல்ஸ் கடையில லோடு எறக்கறேன், கடைக்குப் பின்னாடியே படுத்துக்கறேன்.

உன் லெட்டர் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்துச்சு. படிச்சதும் நிக்கல. கட்டிலுக்கு அடியில இருந்த மிச்சக் கல்லு அத்தனையும் பையோட தூக்கிட்டு ஓடினேன். அம்மா பின்னாடியே வந்துச்சு. உலகநாதன் வூட்டு வாசல்ல எல்லாரும் இருந்தாங்க, சொந்தக்காரங்களும். பையக் கவுத்துக் கொட்டினேன்.

"பெரியவரே, உங்க நெலத்துல செம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் மண்ணுல கலந்தேன். இந்தாங்க மிச்சம். தப்புதான், அடிங்க."

அவரு குனிஞ்சு ஒண்ண எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ராஜேஷ் ஆசிட் பாட்டிலோட வந்தான். பொங்குச்சு. ஆணி செவந்துச்சு.

"அதே கல்லுப்பா"ன்னான்.

"அதே கல்லுதான்டா! கள்ளக்குறிச்சி மலையில எடுத்தது. இங்க பாறையே கிடையாது, களியில இது எப்படிடா வரும்? புக்கு இருந்தா எடுத்துப் பாரு!"

போய் எடுத்துட்டு வந்தான். புக்கு இல்ல, ரெக்கார்டு நோட்டு. என் கையெழுத்து. அஞ்சு டெஸ்டையும் வெரல் வச்சுக் காட்டினான். "நீ எழுதினதுதான? அஞ்சும் சரியா வருது. கள்ளக்குறிச்சின்றியே, சீட்டு எங்க? பீல்டுல எடுத்தா சீட்டு எழுதணும்ல? காலேஜ்ல அதுக்குத்தான என்னை அடிச்ச?"

சீட்டு இல்லக்கா. ஒரு கல்லுக்குக்கூட எழுதல.

பெரியவர் ரொம்ப அமைதியா கேட்டாரு. "இவ்வளவையும் எங்க வச்சிருந்த?"

"வூட்டுல. கட்டிலுக்கு அடியில."

அத நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரு என்னைப் பாக்கல, அம்மாவத்தான் பாத்தாரு. "பவுனு, முப்பது வருஷம் உக்கார எடம் குடுத்தேன். கட்டிலுக்கு அடியில தோண்டி மூட்ட கட்டிகினு இருந்திருக்கீங்க. அதான் நான் வெட்டுன எடத்துல ஒண்ணும் ஆப்டல. உங்க வூட்டுக்கு அடியில இருக்குது."

கத்தினேன். அழுதேன். கால்ல வுழுந்தேன், நீ சொன்ன மாதிரி. அம்மாவும் வுழுந்துச்சு. நம்புறதுக்கு அங்க ஒரு ஆளு இல்ல. தணிகைவேல் அண்ணன் மட்டும், "அப்பா, எழுதித் தரேன்னு வாக்கு குடுத்தீங்க"ன்னாரு.

"மண்ணுக்குக் குடுத்தேன். செம்புக்குக் குடுக்கல"ன்னாரு பெரியவர். அண்ணன் பொண்டாட்டி கதவாண்ட நின்னுகினு இருந்துச்சு. அண்ணன் அதத் தாண்டி உள்ள போயிட்டாரு. திரும்ப வரல.

ஜனவரி இருபத்தி மூணு காலையில ஜே.சி.பி. வந்துச்சு. பாத்திரம், மாதா படம், துணிமூட்ட, ஆடு. அவ்வளவுதான் எடுக்க முடிஞ்சுச்சு. சொவரு ஒரே தள்ளுல போச்சு. நான் பாத்துகினே நின்னேன். அடியில தோண்டினாங்க. பதினஞ்சடிக்குக் களி. அப்புறம் தண்ணி.

இன்னமும் தோண்டறாங்க. "நீ எந்தப் பக்கம் எடுத்த, காட்டு"ன்னு தெனம் போன் பண்றான் ராஜேஷ்.

நான் செஞ்சதுக்கு வார்த்த இல்ல. நீ மடத்த விட்டு வந்துடுக்கா. எதுக்காகப் போனியோ அதுவே இல்ல இப்ப. வா, நான் எதாச்சும் பண்றேன். அம்மா உள்ளூர்லதான் இருக்கு. எங்கன்னு அப்புறம் எழுதறேன்.

புகழ்


நவதுறவியர் இல்லம்
2 ஏப்ரல் 2024

புகழ்,

உன் கடிதம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று வந்திருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து நேற்றுதான் கையில் கிடைத்தது. நாற்பத்தேழு நாள் வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன். தினமும் நன்றி சொல்லி ஒரு செபமும் சொன்னேன், மனை பதிவாகியிருக்கும் என்று.

வந்துவிடு என்கிறாய். எங்கே வருவது? டைல்ஸ் கடைக்குப் பின்னால் எனக்கும் ஒரு பாய் போடுவாயா?

மே பதினெட்டாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கிற நாள். கொடுத்துவிடுவேன். வீட்டார் இரண்டு பேர் வரலாம் என்று அழைப்பு அனுப்புவார்கள். நீ வராதே.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார் மதர். எழுதிவிட்டேன்.

வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு வெளியில் ஒரே ஒருவருக்குத்தான் நான் கடிதம் எழுதலாம். பெயரைக் கேட்டார்கள். அம்மா பெயரைக் கொடுத்தேன். முகவரி கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மா இருக்கிற முகவரியை ஒரு கார்டில் எழுதி அனுப்பு. வேறு ஒரு வார்த்தையும் அதில் எழுதாதே.

லில்லி


(அஞ்சலட்டை, 9 ஏப்ரல் 2024)

பவுனம்மாள்
காவல் கொட்டகை
உலகநாதன் மீன் குட்டை
பாகூர் கொம்யூன்
புதுச்சேரி